சாவி வேண்டாத கடிகாரங்கள்: சிறு சம்பளத்தில் சேர்ப்பது எப்படி?

அட்டப்பாடி மலையிலுள்ள அகளியிலிருந்து ஆனைகட்டி வழியாகக் கோவைக்குப் பஸ் ஏறுகிறவர்களுக்கு மருந்து, துணிமணி, கல்யாணச் சாமான் என்று எத்தனையோ ஜோலிகள். அவர்களில் யாராவது ஒருவர் பழைய கைக்கடிகாரம் ஒன்றைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. தகப்பனாரோ மாமனாரோ கட்டியிருந்த ஆட்டோமாட்டிக் வாட்ச் அது. பல வருஷம் பீரோவில் கிடந்ததை ஓட வைக்க முடியுமா என்று கேட்டு வரத்தான் கையோடு எடுத்துப் போவது.

செல்போனில் மணி பார்க்கும் காலத்தில் இது வேண்டாத செலவு என்பவர்கள் உண்டு. ஆனாலும் இரண்டு, மூன்று நல்ல ஆட்டோமாட்டிக் கடிகாரங்களையாவது சொந்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை, எழுத்தர்களிடமும் தொழிலாளர்களிடமும் இன்றும் இருக்கத்தான் செய்கிறது. விவரம் தெரியாமல் இறங்கினால் ஒரு மாதச் சம்பளமே போய்விடும்.

சாவி எங்கே?

ஆட்டோமாட்டிக் என்றதும் உள்ளே பேட்டரி இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். பேட்டரியே கிடையாது. மூடியைத் திறந்தால் அரை வட்ட வடிவில் ஒரு கனமான தகடு தெரியும். அதற்கு ரோட்டர் என்று பெயர். கையை அசைக்க அசைக்க இது சுழன்று ஸ்பிரிங்கை முறுக்குகிறது. முறுக்கு நிறைந்துவிட்டால் ஸ்பிரிங்கின் நுனி வழுக்கிக் கொடுக்கும். ஆகவே அதிகம் கட்டி அறுந்துபோகும் என்ற பயம் வேண்டாம். 1920-களில் ஜான் ஹார்வுட் என்ற ஆங்கிலேயர் இம்முறையைக் கைக்கடிகாரத்துக்குக் கொண்டுவந்தார். 1931-ல் ரோலக்ஸ் கம்பெனி முழு வட்டமும் சுழலும் ரோட்டரை வைத்தது. இன்றைய கடிகாரங்கள் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவையே.

முழு முறுக்கேறிய சாதாரண ஆட்டோமாட்டிக் சுமார் 40 மணி நேரம் ஓடும். சனிக்கிழமை மாலை ஆபீஸ் விட்டு வந்து கழற்றி வைத்தது, திங்கட்கிழமை காலை புறப்படும்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பழைய வாட்ச் வாங்குகிறவருக்கு இதைவிட நல்ல பரீட்சை இல்லை.

டயலில் 17 ஜுவல், 21 ஜுவல் என்று போட்டிருப்பதைப் பார்த்து, உள்ளே விலை உயர்ந்த கற்கள் இருப்பதாக மயங்க வேண்டாம். அவை தொழிற்சாலையில் செய்த செயற்கைக் கெம்புகள். சக்கரங்களின் அச்சு தேயாமல் சுழல்வதற்காக வைத்தவை. விற்றால் காசு பெயராது.

பெங்களூர்ச் சரக்கு

நம் நாட்டில் இந்த ஆசையை வளர்த்தது எச்.எம்.டி. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியின் தொழில்நுட்ப உதவியுடன் 1961-ல் பெங்களூரில் கடிகாரத் தொழிற்சாலை அமைந்தது. முதல் கடிகாரங்களைப் பிரதமர் நேரு வெளியிட்டார். கையால் சாவி கொடுக்கும் ‘ஜனதா’ சாமானியர் கையில் ஏறியது. பின்னர் ‘காஞ்சன்’, ‘ரஜத்’ போன்ற ஆட்டோமாட்டிக்குகள் வந்தன. தேதியும் கிழமையும் காட்டும், பொன் முலாம் பூசிய காஞ்சனை மாப்பிள்ளைக்குச் சீராகக் கேட்டு வாங்கிய காலம் உண்டு. (களமசேரி எச்.எம்.டி. தொழிற்சாலையிலும் கடிகாரம் செய்ததாகக் கேரளத்தில் சிலர் சொல்வார்கள். அங்கே செய்வது பெரிய இயந்திரங்கள்.)

பேட்டரிக் கடிகாரங்கள் வந்ததும் காற்று மாறியது. தமிழ்நாட்டின் டிட்கோவும் டாட்டாவும் 1984-ல் கூட்டுச் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரில் குவார்ட்ஸ் கடிகாரங்களைச் செய்து குவித்தது. எச்.எம்.டி.யால் ஈடுகொடுக்க முடியவில்லை. கடிகாரக் கம்பெனியை மூட 2016 ஜனவரியில் மத்திய மந்திரிசபை ஒப்புதல் அளித்தது. வாங்குவோர் இதை மறக்கக் கூடாது. பழைய எச்.எம்.டி.க்கு வேண்டிய உதிரி பாகம் பெரும்பாலும் இன்னொரு பழைய எச்.எம்.டி.யின் வயிற்றிலிருந்துதான் வர வேண்டும்.

வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த ஸெய்கோ 5, சிட்டிசன் ஆகியவை இன்னொரு வகை. ஸெய்கோ 5 முதலில் வந்தது 1963-ல். ஆட்டோமாட்டிக் ஓட்டம், ஒரே ஜன்னலில் தேதியும் கிழமையும், தண்ணீர் தாங்கும் மூடி, நாலு மணி அருகே ஒதுங்கிய குமிழ், உறுதியான கூடும் சங்கிலியும் என்று ஐந்து அம்சங்கள் சேர்ந்ததால் அந்தப் பெயர். கேரளத்தில் பல வீடுகளில் இது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எதில் தொடங்குவது?

அகளியில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் மாதம் 500 ரூபாய் இதற்கென்று ஒதுக்குவதாக வைத்துக்கொள்வோம். முதல் பணத்தில் அவர் கடைக்கே போக வேண்டியதில்லை. வீட்டில் நின்றுபோன வாட்ச் இருந்தால் அதைப் பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் இடுவதற்குச் செலவிடலாம். செலவு குறைவு, சரக்கின் பூர்வோத்தரமும் தெரிந்தது. டயலுக்குப் புதுப் பெயின்ட் அடிக்கிறேன் என்று கடைக்காரர் சொன்னால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவதாக, தினமும் கட்ட உத்தரவாதச் சீட்டுடன் புதிதாக ஒன்று. ஸெய்கோ, சிட்டிசன், டைட்டன் எல்லாவற்றிலும் ஆட்டோமாட்டிக் உண்டு. பணம் சேரும்வரை பொறுப்பதே மேல். தவணைக் கடனில் வாங்குவதற்கு இது அரிசி பருப்பு அல்ல. மூன்றாவதாக ஒரு காஞ்சனோ ரஜத்தோ தேடலாம். நாலாவதைப் பற்றி ஒரு வருஷம் கழித்து யோசித்தால் போதும்.

போலிகள் ஜாக்கிரதை

பழைய சரக்கில்தான் ஏமாற்றம் அதிகம். செத்த கடிகாரங்கள் நாலைந்தைப் பிரித்து ஒன்றாக்கி, பளபளவென்று சிவப்பு, நீலம், பச்சை டயல் போட்டு விற்கிறார்கள். கூடு தேய்ந்திருக்க, டயல் மட்டும் நேற்று அச்சடித்தது போல் இருந்தால் சந்தேகிக்க வேண்டும். எழுத்தின் ஓரம் மங்கியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்க்கலாம். ஸெய்கோவில் இன்னொரு வழி உண்டு. பின்மூடியில் உள்ள மாடல் எண்ணின் முதல் நான்கு இலக்கங்கள் உள்ளே இருக்கும் இயந்திரத்தின் எண். டயலின் அடியில் பொடி எழுத்தில் உள்ள எண்ணும் அதே நான்கில் தொடங்க வேண்டும். தொடங்காவிட்டால் டயல் வேறொரு கடிகாரத்தினுடையது. அதற்காக அது ஓடாது என்பதில்லை. அசல் விலை கொடுக்கக் கூடாது, அவ்வளவே.

மூடியைத் திறந்து காட்டாத வியாபாரியிடம் வாங்குவது நல்லதல்ல. மூடியின் உட்புறத்தில் ஊசியால் கீறிய சிறு எழுத்துகளும் எண்களும் சில சமயம் தெரியும். முன்பு பழுது பார்த்தவர்கள் இட்ட அடையாளங்கள் அவை. எத்தனை முறை வைத்தியம் நடந்தது என்பதை அவையே சொல்லிவிடும்.

வாங்கிய பிறகு

நாளொன்றுக்கு அரை நிமிஷம் முன்னே பின்னே போனால் குறை சொல்லிக் கடைக்கு ஓட வேண்டாம். மலிவான ஆட்டோமாட்டிக்கில் கம்பெனியே அனுமதிக்கும் வித்தியாசம் அது. இரவு 9 மணியிலிருந்து 3 மணி வரை முள் நிற்கும்போது தேதியைத் திருகக் கூடாது. அந்நேரம் தேதிச் சக்கரம் பல்லில் மாட்டியிருக்கும், பல் உடையும். ஒலிபெருக்கி போன்ற காந்தம் உள்ள சாமான் அருகே வைத்தால் ஓட்டம் தாறுமாறாகும்.

30 மீட்டர் தண்ணீர் தாங்கும் என்று எழுதியிருப்பது கை கழுவும்போது தெறிக்கும் நீருக்கு மட்டுமே. பவானியில் குளிக்க அல்ல. ஆனைகட்டிப் பக்கம் வெயில் காய்ந்தாலும் முக்காலிப் பக்கம் மழை கொட்டும் ஊர் இது. மூணாறு, தேவிகுளம் தோட்டங்களிலோ கேட்கவே வேண்டாம். கண்ணாடிக்குள் ஆவி படிந்தால் அன்றே திறந்து உலர்த்தக் கொடுக்க வேண்டும். ஒரு வாரம் தள்ளினால் துரு ஏறிவிடும்.

நாலைந்து வருஷத்துக்கு ஒரு முறை எண்ணெய் மாற்றுவதும் அவசியம். அகளிக்காரர் கோவைக்கும், மூணாறுக்காரர் போடிக்கோ உடுமலைக்கோ போகும்போது, பேட்டரி மாற்ற மட்டும் தெரிந்தவரையும் சக்கரம் பிரித்துப் பூட்டத் தெரிந்தவரையும் வேறு பிரித்து அறிய வேண்டும். இரண்டாம் வகையினர் குறைந்து வருகிறார்கள். அப்படி ஒருவர் கிடைத்தால், அடுத்த கடிகாரத்தை வாங்குமுன் அவரிடம் காட்டிவிட்டே பணம் கொடுக்கலாம்.