காவிரிப் படுகையில் மனைப்பிரிவு ஒப்புதல்: புல எண்ணும் பாசன வழியும்

ஆய்வுச்சுருக்கம்

நஞ்சை நிலத்தை வீட்டுமனைகளாகப் பிரிப்பதற்கான ஒப்புதல் நடைமுறை, விண்ணப்பத்தில் குறிக்கப்பட்ட புல எண்களை அலகாகக் கொண்டு இயங்குகிறது. காவிரிப் படுகையின் நெற்பாசனமோ ஒரு மதகின் கீழ் உள்ள வயல்கள் அனைத்தையும் ஓர் அலகாகக் கொண்டது. இவ்விரு அலகுகளுக்கும் இடையிலான பொருத்தமின்மை அண்டை வயல்களின் சாகுபடியை எவ்வாறு பாதிக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மனைப்பிரிவு, நஞ்சை, வயல்வழிப் பாசனம், வசதியுரிமை, தஞ்சாவூர்.

முன்னுரை

தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம், 2020, தஞ்சாவூர், திருவாரூர், அன்றைய நாகப்பட்டினம் ஆகிய மாவட்டங்களையும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில வட்டாரங்களையும் தன் வரம்பிற்குள் கொண்டுவந்தது. எண்ணெய், இயற்கை எரிவாயு அகழ்வு, உருக்காலை, தோல் பதனிடும் ஆலை முதலியவை அதன் தடைப் பட்டியலில் உள்ளன. வீட்டுமனைப் பிரிவு அப்பட்டியலில் இடம்பெறவில்லை. ஆகவே நஞ்சை நிலம் மனையாவதை நெறிப்படுத்தும் பொறுப்பு, வழக்கமான மனைப்பிரிவு ஒப்புதல் நடைமுறையையே சார்ந்துள்ளது.

ஒப்புதலின் படிநிலைகள்

இந்நடைமுறைக்குத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 அடிப்படையாகும். திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள வேளாண் நிலத்தைப் பிற பயன்பாட்டிற்கு மாற்றுவதை அச்சட்டத்தின் 47-அ பிரிவும், 2017இல் வெளியான நிலப் பயன்பாட்டு மாற்ற விதிகளும் ஒழுங்குபடுத்துகின்றன. நஞ்சையாயின் மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேளாண்மைத் துறையின் கருத்தும் கோரப்படுகின்றன. நீர்வழியை ஒட்டிய நிலத்திற்கு நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று தேவைப்படுகிறது. நகர் ஊரமைப்பு இயக்ககம் தொழில்நுட்ப ஒப்புதல் வழங்கிய பின், உள்ளாட்சி அமைப்பு இறுதி ஒப்புதல் அளிக்கிறது.

மனைப்பிரிவின் சாலைகள் தானப் பத்திரத்தின் வழியே உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட வேண்டும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இன்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காடு திறந்தவெளியாக ஒதுக்கப்படுகிறது.

பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு 2016 அக்டோபர் 20 முதல் நடைமுறைக்கு வந்ததால், ஒப்புதல் பெறாத புதிய மனைகளை வீட்டுமனையாகப் பதிவுசெய்ய இயலாத நிலை உருவானது. அந்நாளுக்கு முன் உருவான ஒப்புதலற்ற மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017இல் தனி விதிகள் வந்தன. இவற்றால் ஒப்புதலின் முக்கியத்துவம் பெருகிற்று; ஒப்புதலின்போது எழுப்பப்படும் வினாக்களின் முக்கியத்துவமும் அதனுடன் பெருகிற்று.

வரைபடத்தில் இல்லாத நீர்வழி

கல்லணையிலிருந்து பிரியும் ஆறுகளின் நீர், கிளை வாய்க்கால்கள் வழியாக மதகுகளை அடைகிறது. வாய்க்கால் புறம்போக்கு, ‘அ’ பதிவேட்டிலும் புலப்படத்திலும் காணப்படும். மதகிற்குக் கீழே பல இடங்களில் நீர் ஒரு வயலின் வரப்பு மடையைக் கடந்து அடுத்த வயலுக்குப் பாய்கிறது. வடிகாலும் அவ்வாறே அமைகிறது. பட்டா நிலத்தினூடே செல்லும் இவ்வழிக்குத் தனிப் புல எண் இல்லை. எனவே ஆவணங்களை மட்டும் சரிபார்க்கும் அலுவலரின் பார்வைக்கு இது எட்டுவதில்லை.

மேல்வயல் மண்ணிட்டு உயர்த்தப்பட்டு மனையானால், கீழ்வயலுக்கு நீர் வருவது தடைப்படும். வடகிழக்குப் பருவமழையில், அதனினும் மேட்டில் உள்ள வயலின் சம்பாப் பயிர் வடிகாலின்றி மூழ்கும். நிலத்தை இழக்காத உழவரும் இவ்வாறு சாகுபடியை இழக்கிறார். சில பருவங்கள் தரிசாகக் கிடந்த அவ்வயலுக்கு மனைப்பிரிவு விண்ணப்பம் வரும்போது, ‘சாகுபடி நடைபெறுகிறதா?’ என்னும் வினாவிற்கு ‘இல்லை’ என்பதே உண்மையான விடையாக அமையும். முந்தைய ஒப்புதலின் விளைவே அடுத்த ஒப்புதலுக்குச் சான்றாகிவிடுகிறது. ஒவ்வொரு கோப்பும் விதிப்படி சரியாக இருந்தும் பாசனப் பரப்பு முழுவதும் சிதைவதற்கு இதுவே வழி.

வசதியுரிமையும் கேரளச் சட்டமும்

அண்டை உழவருக்குச் சட்டப் பாதுகாப்பு அறவே இல்லை எனக் கூறவியலாது. இந்திய வசதியுரிமைச் சட்டம், 1882இன் 15ஆம் பிரிவின்படி, 20 ஆண்டுகள் உரிமையாகவும் இடையூறின்றியும் துய்த்த நீர்வழி வசதியுரிமையாகக் கனியும். ஆயினும் அதை நிலைநாட்ட அவர் உரிமையியல் நீதிமன்றத்தை நாட வேண்டும். மனைப்பிரிவு ஒப்புதல் நிலையில் அவரை அழைத்துக் கேட்கும் தனிப் படிநிலை இல்லை.

கேரள நெல்வயல் மற்றும் ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம், 2008 இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அச்சட்டம் நெல்வயல் என்பதன் வரையறையிலேயே வரப்பையும் வடிகாலையும் சேர்த்துள்ளது. ஊராட்சித் தலைவர், வேளாண் அலுவலர், கிராம அலுவலர் ஆகியோருடன் நெல் உழவர் பிரதிநிதிகள் மூவரும் உள்ளூர்க் கண்காணிப்புக் குழுவில் இடம்பெறுகின்றனர். மாற்றத்தால் அண்டை வயலின் சாகுபடி பாதிக்கப்படுமா என்பதும் அங்கு ஆராயப்பட வேண்டிய பொருளாகும்.

முடிவுரை

மனைத் தேவை உண்மையானது. அதை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. விண்ணப்ப வரைபடம் மதகின் பாசனப் பரப்பு முழுவதையும் காட்டுதல், வயல்வழி நீர்ப்போக்கை அதில் குறித்தல், நீர் ஓடும் பருவத்தில் களஆய்வு செய்தல், மேல்வயல், கீழ்வயல் உழவரின் கருத்தைக் கோப்பில் சேர்த்தல் ஆகியன ஒப்புதல் நடைமுறையில் இணையத்தக்கவை. அண்டை வயலின் நீர்வழி காக்கப்பட்டால் மட்டுமே, தரிசு என்னும் சான்று அந்நிலத்தின் இயல்பைக் கூறுவதாக அமையும்.