தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கப்பல், கைத்தொலைபேசிக்கு விமானம் – ஏன்?

மின்னியல் பொருள்கள் வெளிநாட்டிலிருந்து எப்படி வருகின்றன, எங்கே தங்குகின்றன, கடைகளுக்கு எப்படிப் பிரிந்து போகின்றன என்பதுதான் சென்ற கலந்துரையாடலுக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட தலைப்பு. தலைப்பைக் கேட்டதும் தயாரிப்பாளர் கொட்டாவி விட்டார் என்பதை மறைப்பதற்கில்லை. எனக்கும் சற்று உதறல்தான். ஆனால் ஒளிப்பதிவு தொடங்கிய பத்தாவது நிமிடத்தில், சிராங்கூன் சாலைப் பக்கம் நெடுங்காலமாக மின்னியல் கடை நடத்தி வரும் பெரியவர் ஒருவர் ஒலிவாங்கியை வாங்கி, “தம்பி, 2013ல ஒரே வாரத்துல என் வியாபாரத்துல பாதி படுத்துடுச்சு. முதல்ல அதைப் பேசுங்க” என்றார். அரங்கமே நிமிர்ந்து உட்கார்ந்தது. அன்று நேரம் போதாமல் விட்டுப்போனவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அந்த ஆண்டுகளைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்கும் திருச்சிக்கும் கிளம்பும் விமானங்களில், கயிறு போட்டுக் கட்டிய தட்டைத்திரைத் தொலைக்காட்சிப் பெட்டி இல்லாத பயணிகள் வரிசையைப் பார்ப்பது அரிது. அப்போது இந்தியாவில் பயணிகளுக்கு இருந்த 35,000 ரூபாய் தீர்வைச் சலுகைக்குள் ஒரு பெட்டி அடங்கிவிடும். ரூபாய் மதிப்பு சரிந்துகொண்டிருந்த 2013 ஆகஸ்ட் மாதத்தில், இனி தட்டைத்திரைத் தொலைக்காட்சிக்கு அந்தச் சலுகை கிடையாது என்று இந்திய அரசு அறிவித்தது. ஆகஸ்ட் 26 முதல் 36.05 விழுக்காடு சுங்கத் தீர்வை. அறிவிப்புக்கும் நடப்புக்கும் இடையில் ஒரு வாரம்தான்.

பெரியவருக்கு அப்போது கடையில் கொஞ்சம், கிடங்கில் கொஞ்சம், கடலில் ஒரு கொள்கலன் முழுக்கச் சரக்கு. எல்லாவற்றுக்கும் பணம் கட்டியாகிவிட்டது. “கப்பலைத் திருப்பச் சொல்ல முடியுமா?” என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

என் பார்வையில் இந்தத் தொழிலின் சிக்கல் முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. சட்டமும் விலையும் ஒரே நாளில் மாறும். சரக்கு மெல்லத்தான் வரும். தென் சீனத்தில் ஒரு தொழிற்சாலைக்குத் தொலைக்காட்சி வேண்டுமென்று சொன்னால், அவர்கள் தயாரிக்க ஒரு முறை வரவேண்டும். அதன்பின் லாரியில் ஏற்றித் துறைமுகம், கடலில் ஏறத்தாழ ஒரு வாரம், இங்கே இறக்கிச் சுங்க அனுமதி, கிடங்கு, பிறகுதான் கடை. கப்பலில் இருக்கும் நாள்களை மட்டும் எண்ணிக் கணக்குப் போடுபவர்கள் ஏமாந்து போவார்கள். 2025ல் தீபாவளி அக்டோபர் 20ஆம் தேதி வந்தது. அதற்கான சரக்கை ஆகஸ்ட் மாதத்திலேயே, பட்டாசு நினைப்பே வராத காலத்தில், சொல்லிவைத்தவர்களுக்குத்தான் நிம்மதி.

“அப்படியானால் விமானத்திலேயே கொண்டு வரலாமே, நான்கு மணி நேரம்தானே?” என்று பலதொழில் கல்லூரி மாணவி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. சரக்குத் திட்டமிடுதலில் அனுபவமுள்ள அம்மையார் ஒருவர் எங்கள் குழுவில் இருந்தார். அவர் வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டிய கணக்கை அப்படியே தருகிறேன்.

விமான நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. அடைத்துக்கொள்ளும் இடத்தையும் எடையாக மாற்றிப் பார்க்கின்றன. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 6,000 ஆல் வகுப்பது வழக்கம். வருகிற விடையிலும் உண்மையான எடையிலும் எது அதிகமோ அதற்குக் கட்டணம். 55 அங்குலத் தொலைக்காட்சியின் அட்டைப்பெட்டி 136, 85, 16 சென்டிமீட்டர் என்று வையுங்கள். விடை ஏறக்குறைய 31. தராசில் அது 20 கிலோதான் காட்டும், ஆனாலும் 31 கிலோவுக்குத்தான் பணம். கிலோவுக்கு 5 வெள்ளி என்று பேச்சுக்கு வைத்துக்கொண்டால் 155 வெள்ளி. கைத்தொலைபேசியோ பெட்டியோடு 400 கிராம்; கட்டணம் 2 வெள்ளி. இரண்டும் கடையில் 1,000 வெள்ளி என்றால், ஒரு தொலைக்காட்சிக்குக் கொடுக்கும் விமானக் கட்டணத்தில் 77 கைத்தொலைபேசிகள், அதாவது 77,000 வெள்ளிச் சரக்கு வந்துவிடும். தொலைக்காட்சி ஏன் கடலில் மிதந்து வருகிறது என்று இப்போது புரிந்திருக்கும். நாற்பதடிக் கொள்கலன் ஒன்றில் அந்த அளவுப் பெட்டிகள் முந்நூறு வரை அடுக்கலாம்.

கைத்தொலைபேசி ஏன் பறக்கிறது என்பதற்கு நம்ம ஊர்ப் பக்கத்திலேயே பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. 2025ஆம் ஆண்டு அமெரிக்கா புதிய வரிகளை விதிக்கப்போகிறது என்ற நிலையில், ஆப்பிள் நிறுவனம் மார்ச் மாதம் முதல் சென்னையிலிருந்து தனிச் சரக்கு விமானங்களில் 600 டன் ஐஃபோன்களை, ஏறத்தாழ 15 லட்சம் கைத்தொலைபேசிகளை, அமெரிக்காவுக்கு அனுப்பியதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. 600 டன்னை 15 லட்சத்தால் வகுத்துப் பாருங்கள்: அதே 400 கிராம்! ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் உருவான பொருள், வரி முந்துமா விமானம் முந்துமா என்ற போட்டியில் ஓடியது. பெரியவருக்கு 2013ல் அந்த வசதி இல்லை. அவர் விற்றது தொலைக்காட்சி.

விமானம் என்றாலும் எல்லாம் ஏறாது. பவர் பேங்க் எனப்படும் மின்னேற்றிகளைச் சட்டம் தனி மின்கலமாகவே கருதுகிறது. துபாய் அருகே 2010 செப்டம்பரில் சரக்கு விமானம் ஒன்று தீப்பற்றி விழுந்து இரு விமானிகளும் மாண்டனர். அதன் சரக்கில் லித்தியம் மின்கலங்கள் இருந்தன. இத்தகைய அச்சத்தால், 2016 ஏப்ரல் முதல் பயணிகள் விமானங்களில் தனி லித்தியம் அயனி மின்கலங்களைச் சரக்காக ஏற்ற அனைத்துலகத் தடை உள்ளது. கருவிக்குள் பொருத்தியிருந்தால் விதி வேறு. ஆகவே ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும் கைத்தொலைபேசியும் பவர் பேங்கும் வெவ்வேறு வழியில் வந்தவையாக இருக்கலாம். திட்டமிடும்போது இதை மறந்தால் தொலைபேசி வந்து சேரும், துணைப்பொருள் வராது.

கப்பல் தேதியையும் முழுதாக நம்பிவிட முடியாது. செங்கடல் தாக்குதல்களால் 2023 இறுதி முதல் பல கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிச் செல்லத் தொடங்கின. அட்டவணை குலைந்து கப்பல்கள் கூட்டமாக வந்ததில், 2024 மே மாதம் இங்கே கொள்கலன் கப்பல்கள் சராசரியாக இரண்டு, மூன்று நாள் காத்திருக்க வேண்டியதாயிற்று. கெப்பல் முனையத்தில் மூடிய தளங்களை மீண்டும் திறந்தார்கள். “ஒரு தேதியைச் சொல்லாதீங்க, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிக்குள்ளன்னு சொல்லுங்க” என்றார் அம்மையார்.

இனி கிடங்கு. தேக்காச் சந்தையில் கீரை வைத்திருப்பவருக்கும் மின்னியல் பொருள் வைத்திருப்பவருக்கும் பெரிய வேறுபாடில்லை. புதிய ரகம் வந்த மறுநாள் பழையது வாடிவிடும். போதாக்குறைக்கு வரி. சிங்கப்பூரில் மின்னியல் பொருளுக்கு இறக்குமதித் தீர்வை கிடையாது, ஆனால் பொருள், சேவை வரி 2024 முதல் 9 விழுக்காடு. பத்து லட்சம் வெள்ளிச் சரக்கை உள்நாட்டுக்குள் எடுத்தால் 90,000 வெள்ளி முன்கூட்டியே போய்விடும். பிறகுதான் அது கைக்கு வரும். சாங்கி விமானச் சரக்குப் பூங்கா போன்ற தடையற்ற வர்த்தக வட்டாரங்களில் இருக்கும்வரை அந்த வரி விழாது. சரக்கு அங்கிருந்தே ஜகார்த்தாவுக்கோ கொழும்புக்கோ போய்விட்டால் வரி செலுத்தவே தேவையில்லை. நாம் தயாரிக்காத, நாம் வாங்கவும் போகாத பொருள்கள் நம் ஊர்க் கிடங்குகளில் குவிந்திருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

ஆனால் அங்கே எதை வைப்பது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஹியூலட் பேக்கார்டு நிறுவனம் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து வான்கூவரில் டெஸ்க்ஜெட் அச்சுப்பொறி செய்துகொண்டிருந்தது. ஐரோப்பாவுக்குக் கப்பலில் ஒரு மாதம். ஜெர்மனிக்கென்று செய்தது குவிந்து கிடக்க, பிரிட்டனில் தட்டுப்பாடு. இயந்திரம் ஒன்றே, செருகியும் மின்வழங்கியும் கையேடும்தான் வேறு. 1990களில் அவர்கள் பொது இயந்திரத்தை மட்டும் அனுப்பி, அந்தந்த நாட்டுக்கான துணைப்பொருள்களை விநியோகக் கிடங்கிலேயே சேர்க்க முடிவெடுத்தார்கள். எந்த நாட்டுக்கு என்ற முடிவு ஒரு மாதம் தள்ளிப்போனது. தவறும் குறைந்தது.

நம் கடைக்காரரின் பெட்டிகளில் சிங்கப்பூர்ப் பாதுகாப்பு முத்திரையும் மூன்று சதுரமுனைச் செருகியும் ஏற்கெனவே ஏறிவிட்டன. அடுத்த நாட்டுச் சந்தைக்குத் தள்ளிவிடவும் வழியில்லை. கடைசியில் உள்ளூர் வீடுகளுக்குக் கொள்முதல் விலைக்கும் கீழே விற்று முடிக்க ஓராண்டு ஆனதாம். கடை உதவியாளர் இருவரை அனுப்பிவிட்டதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். “பாதிதான் வாங்குறேன் தம்பி. மீதி விநியோகஸ்தர் கிடங்குல, வரி கட்டாம, என் பேரு எழுதாம இருக்கும். வேணும்னா மறுநாள் எடுத்துக்குவேன். விலை கொஞ்சம் கூடத்தான்.”

ஒளிப்பதிவு முடிந்து விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தார்கள். அரங்க அலங்காரத்துக்கு நாங்கள் வைத்திருந்த காலி அட்டைப்பெட்டி ஒன்றை, சட்டைப் பையிலிருந்து எடுத்த நாடாவால் பெரியவர் அளந்துகொண்டிருந்தார். “ஆறாயிரத்தால தானே வகுக்கணும்?” என்று கேட்டுவிட்டுக் கைத்தொலைபேசியில் கணக்குப் போட்டார்.