கைத்திறனும் சான்றிதழும்

சான்று என்னும் சொல்லுக்குச் சாட்சி என்பது பொருள். ஆகவே சான்றிதழ் என்பது ஒருவருடைய திறமைக்குச் சாட்சி கூறும் ஏடேயன்றித் திறமையே அன்று. திறமை கையிலும் கருத்திலும் இருப்பது. சான்றிதழ் அதனை அறியாதார்க்கு அறிவிப்பது. இவ்வேறுபாட்டை உணர்ந்தால்தான் தொழில்நுட்பச் சான்றிதழ்களின் பயனை அளந்தறிய இயலும்.

மலாக்கா மாநிலத்தில், நெகிரி செம்பிலான் எல்லையை அடுத்துள்ள லூபோக் சீனா போன்ற தோட்டப்புறங்களை எண்ணிப் பார்ப்போம். இயந்திரம் பழுதுபார்ப்பவரும், லயத்து வீடுகளுக்கு மின்கம்பி இழுப்பவரும் முன்னாளில் தொழிலைப் பள்ளியில் கற்றாரல்லர். மூத்தார் அருகிலிருந்து கண்டும் கைதொட்டும் கற்றனர். தோட்டத்திற்குள் அவர்களுக்கு ஏட்டுச் சாட்சி வேண்டுவதில்லை. கிராணியார் அறிவார், மானேஜர் அறிவார், லயமே அறியும். தோட்டங்கள் கைமாறியும் துண்டாடப்பட்டும் போனபோதோ, அச்சாட்சிகளும் திசைக்கொருவராய்ப் பிரிந்தனர். இருபது ஆண்டு இயந்திரத்தோடு பழகியவரும், பட்டணத்துத் தொழிற்சாலை வாயிலில் தொழிலறியாக் கூலியாளரைப் போலவே நிற்க நேர்ந்தது. அவர் இழந்தது வேலையை மட்டுமா? தம் திறமைக்குரிய மதிப்பையும் அன்றோ!

இதற்குக் காரணம் யாது? 1973ஆம் ஆண்டில் மைக்கேல் ஸ்பென்ஸ் என்னும் பொருளியல் அறிஞர் இதனை ஆராய்ந்தார். வேலை கொடுப்பவர் விண்ணப்பிப்பவரின் திறனை நேரே காண இயலாமையால், கல்வித் தகுதி போன்ற புற அடையாளங்களைக் கொண்டே அதனை உய்த்துணர்கிறார் என்பது அவர் கருத்து. 2001இல் நோபெல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர். அறிமுகமும் பரிந்துரையும் உடையவனுக்குச் சான்றிதழ் ஓர் அணி. அவை இல்லாதவனுக்கோ அதுவே வாய்.

சான்றிதழ்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல. முதலாவது, சட்டம் கேட்பது. தீபகற்ப மலேசியாவில் 1994ஆம் ஆண்டின் மின்சார விதிகளின்படி, வீட்டுக்கு மின்கம்பி பொருத்தும் வேலை, தகுதிச் சான்று பெற்ற வயர்மேனின் நேர்ப்பார்வையில் நடைபெறுதல் வேண்டும். அச்சான்றினை எரிசக்தி ஆணையம் வழங்குகிறது. எத்துணைத் திறமை இருப்பினும், அஃதின்றித் தனித்துத் தொழில் நடத்த முடியாது.

இரண்டாவது, நாடு வழங்குவது. 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் அளிக்கப்படும் திறன் தகுதிகள் ஐந்து நிலைகளையுடையன. முதல் மூன்றும் எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ், நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர்நிலை டிப்ளோமா. லூபோக் சீனா அமைந்துள்ள அலோர் காஜா மாவட்டத்திலேயே, தாபோ நானிங்கில் அட்தெக் உயர்தொழில்நுட்பப் பயிற்சி நிலையம் இருக்கிறது.

மூன்றாவது, தனி நிறுவனங்கள் வழங்குவது. கணினி வலையமைப்புக்குச் சிஸ்கோ நிறுவனம் வழங்கும் சி.சி.என்.ஏ. இதற்கு எடுத்துக்காட்டு. இது பல நாடுகளிலும் அறியப்பட்டது. ஆயினும் மூன்றாண்டுக்கொருமுறை புதுப்பித்தல் வேண்டும். தொழில்நுட்பம் மாறுந்தோறும் சான்றும் பழையதாகும் என்பதே அதன் உட்பொருள்.

இவற்றோடு மயங்கத்தக்கது ஒன்றுண்டு. இரண்டு நாள் வகுப்பில் அமர்ந்தமைக்குத் தரப்படும் ஏடு, வருகைக்குச் சாட்சியேயன்றித் திறமைக்குச் சாட்சியன்று. ஆதலின், பெற்றோர் பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று: வழங்குபவர் யார்? ஏற்பவர் யார்? எத்துணைக் காலம் செல்லும்?

இளைஞர்க்கு மட்டுமன்றி, முதியவர்க்கும் வழி உண்டு. முன்னர்ப் பெற்ற திறனை ஏற்கும் முறை ஒன்று மலேசியத் திறன் சான்றிதழ்த் திட்டத்தில் அமைந்துள்ளது. பல்லாண்டு தொழில் செய்தவர், தாம் செய்த வேலைக்குரிய ஆதாரங்களைத் தொகுத்தளித்து, மதிப்பீட்டாளர் முன் திறனை மெய்ப்பித்து, பயிற்சி வகுப்பில் சேராமலே சான்றிதழ் பெறலாம். ஆனால் ஆதாரங்களைத் தொகுத்து எழுதுவதுதான் அவர்களுள் பலருக்கு மலையெனத் தோன்றுகிறது. ஸ்பானர் பிடித்த கை பேனாப் பிடிக்கத் தயங்குகிறது.

தோட்டப்புறத்தில் எழுதுகோலை இயல்பாகக் கையாள்பவர் தமிழாசிரியரே. மாணவனுக்கு வழிகாட்டும் அவர், அவன் தந்தைக்கும் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குவாராயின், இருபது ஆண்டு உழைப்பு ஊமையாய்ப் போகாது.