வலது மணிக்கட்டும் கோயில் கயிறும்

சிங்கப்பூரில், இதயத் தமனி அடைப்பைப் பார்க்கும் ஆஞ்சியோ அறையில் தாதியாக இருந்த காலத்தில் நான் அதிகம் வாதாடியது கோயில் கயிற்றுக்காகத்தான். தைப்பூசத்துக்குக் காப்புக் கட்டியவர், வீரமாகாளியம்மன் கோயில் சிவப்புக் கயிற்றைக் குளிக்கும்போதுகூடக் கழற்றாதவர் என்று சிராங்கூன் ரோட்டு ஆண்கள் வருவார்கள். கயிறு இருப்பது வலது மணிக்கட்டில். மருத்துவர் ஊசி போட வேண்டிய இடமும் அதேதான். "ஐயா, அறுக்க மாட்டேன், முழங்கைக்கு மேல ஏத்தி விடுறேன்" என்றால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். பிடிவாதக்காரர்களுக்கு இடது கை இருக்கவே இருக்கிறது.

"அடைப்பு நெஞ்சுல, கையில என்னம்மா வேலை?" என்று கேட்காதவர் குறைவு. நாடி பார்க்க விரல் வைக்கிறோமே, கட்டைவிரல் பக்கம், அங்கே ஓடும் தமனி முழங்கை, தோள் வழியாகப் போய் இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியில் சேர்கிறது. மரத்துப்போக ஊசி போட்டு, சுமார் 2 மில்லிமீட்டர் பருமனுள்ள குழாயை அந்த வழியே இதயத் தமனிவரை செலுத்துவார்கள். அடைப்பில் பலூனை விரித்து, ஸ்டென்ட் என்னும் சிறு வலைக்குழாயை வைத்துவிட்டுத் திரும்புவார்கள். நோயாளி விழித்தே இருப்பார். சிலர் திரையைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள்.

1977 செப்டம்பரில் ஜூரிக்கில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் முதல் இதய பலூன் சிகிச்சையைச் செய்தபோது தொடை வழியாகத்தான் போனார். தொடைத் தமனி பெரியது, குழாய் எளிதாக நுழையும். உலகமே அப்படிப் பழகியது, நாங்களும்தான். ஆனால் அந்தத் தமனி ஆழத்தில் இருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்திருப்பதால் கசிவு எளிதில் நிற்காது. சில சமயம் வெளியே தெரியாமல் வயிற்றின் பின்பக்கம் சேர்ந்து உயிருக்கே உலை வைக்கும். அதனால் தொடையை அழுத்திப் பிடிப்போம், மேலே மணல் மூட்டை வைப்போம். காலை மடக்காமல் மணிக்கணக்கில் மல்லாந்து கிடக்க வேண்டும்.

மூட்டையைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். பெட்பேனை எங்கள் பாட்டிகளால் பொறுக்க முடியாது. படத்துக்காக ஏற்றிய சாயம் சிறுநீரில்தான் வெளியேறும், தண்ணீர் குடியுங்கள் என்று நாங்கள் கெஞ்சுவோம். பெட்பேன் கேட்க வேண்டுமே என்று அவர்கள் உதட்டைக்கூட நனைக்க மாட்டார்கள். மணிக்கட்டு வழி வந்த பிறகு அதே பாட்டிகள் எழுந்து உட்கார்ந்து கோப்பி கேட்டார்கள், தாமே நடந்து கழிப்பறைக்குப் போனார்கள். என்னைக் கேட்டால் இந்த முறையின் பெரிய லாபம் அதுதான். மருத்துவர்கள் வேறு கணக்குச் சொல்வார்கள்.

அந்தக் கணக்கும் சிறியதல்ல. 1989-இல் மான்ட்ரியலில் லூசியன் காம்போ மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ எடுத்துக் காட்டினார். 1992-இல் ஆம்ஸ்டர்டாமில் ஃபெர்டினான்ட் கீமெனை அதே வழியில் அடைப்பை நீக்கினார். நம் பக்கத்தில் அகமதாபாத்தின் தேஜஸ் படேல் இதைப் பல நாட்டு மருத்துவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 2015-இல் வெளியான மேட்ரிக்ஸ் ஆய்வில் 8,404 நோயாளிகள். தொடையைவிடக் கை வழியில் ரத்தக்கசிவும் குறைந்தது, மரணமும் குறைந்தது. மணிக்கட்டில் தமனிக்கு அடியிலேயே எலும்பு இருக்கிறது, அழுத்தினால் கசிவு நின்றுவிடும். காற்றடைத்த பிளாஸ்டிக் பட்டை ஒன்றைக் கட்டி, காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக் கழற்றிவிடுவோம்.

சங்கடம் இல்லாமல் இல்லை. கைத்தமனி மெலிது, பயந்தால் சுருங்கிக் குழாயைக் கவ்விக்கொள்ளும், சின்ன உடம்புப் பெண்களுக்கு அதிகம். அதைத் தளர்த்த மருந்து கொடுப்பார்கள். சிலருக்குப் பிறகு அந்தத் தமனி அடைபடலாம். சுண்டுவிரல் பக்கத் தமனி உள்ளங்கையில் வந்து சேர்வதால் விரல்களுக்குப் பெரும்பாலும் ரத்தம் கிடைத்துவிடும். அடுத்த முறை அந்த வழி கிடைக்காது, அவ்வளவுதான். புண் கடுகளவு என்பதால் மறுநாளே மார்க்கெட்டில் அரிசி மூட்டை தூக்குகிறவர்களைத்தான் என்னால் மன்னிக்க முடிவதில்லை. சில நாளாவது கைக்கு ஓய்வு வேண்டும். ஸ்டென்ட் வைத்தபின் தரும் மாத்திரையை யாரும் தாமாக நிறுத்தக்கூடாது.

எல்லாருக்கும் கை வழி என்றும் இல்லை. சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெட்டவர்கள் சிங்கப்பூரில் நிறைய. டயாலிசிஸுக்குக் கை ரத்தக்குழாய்கள் தேவைப்படும் என்பதால் அவர்களின் மணிக்கட்டைக் கூடியவரை தொட மாட்டார்கள். அவர்களுக்கு இன்றும் பெரும்பாலும் தொடைதான். மணல் மூட்டைக்குப் பதிலாகத் துளையை மூடும் சிறு கருவிகள் வந்துவிட்டன. படுத்திருக்கும் நேரம் குறைந்திருக்கிறது. "உங்களுக்குக் கிட்னி எப்படி?" என்று யாராவது கேட்கும்வரை காத்திருக்காமல், சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போதே சொல்லிவிடுங்கள்.