மரமும் இடைவெளியும்

தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டை அடுத்து அமைந்த ஊர் மாரண்டஹள்ளி. அவ்வட்டாரத்தில் தென்னையும் மாவும் பயிராகின்றன. இத்தகைய தோப்புகளிலே சில வேளைகளில் ஒரு வேறுபாட்டைக் காணலாம். ஒரு தோப்பில் மரங்கள் நிமிர்ந்து, குலை தாங்கி நிற்கும். மற்றொன்றில் அவை மெலிந்து, வெளிச்சத்தை நாடி வளைந்து நிற்கும். மண்ணும் நீரும் ஒன்றாயிருந்தும் இவ்வேறுபாடு தோன்றக் காரணம் யாது? மரத்திற்கு மரம் விட்ட இடைவெளியே பெரும்பாலும் அதற்குக் காரணமாகும்.

நெல்லுக்கு நண்டும், கரும்புக்கு நரியும், வாழைக்கு வண்டியும், தென்னைக்குத் தேரும் செல்லுமளவு இடம் வேண்டும் என்பது நம் உழவர் வழக்கு. வளர்ந்த தென்னையின் மட்டை 15 அடிக்கு மேலும் நீளும். ஆதலின் 25 அடிக்கு ஒரு கன்று நடுவர். அவ்வாறு நட்டால் ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 70 மரங்கள் நிற்கும். 18 அடியாகக் குறைத்தால் 134 மரங்கள் நிற்கும். மரம் இருமடங்கு ஆகின்றது. காய் இருமடங்கு ஆவதில்லை. இலைகள் ஒளிக்கும், வேர்கள் நீருக்கும் உரத்திற்கும் போட்டியிடுதலே இதற்குக் காரணம்.

ஆயின், நெருக்கம் எங்கும் தீது என்று கருதற்க. சவுக்கை ஒரு மீட்டருக்கு ஒன்றாக நடுதல் உண்டு. நெருக்கத்தால் நிழல் மிக, கீழ்க்கிளைகள் காய்ந்து உதிரும். மரம் நேரிய கழியாக உயரும். கழி வேண்டுவோர்க்கு அதுவே நன்று. பஞ்சாப், அரியானா மாநிலங்களில் கோதுமை வயல்களிலே பாப்லர் மரம் வளர்க்கின்றனர். ஒட்டுப்பலகைக்குப் பருத்த அடிமரம் வேண்டும். ஆதலின் 5 மீட்டருக்கு 4 மீட்டர் என அகல நடுவர். இடைவெளி மாறினால் மரத்தின் உயரம் பெரிதும் மாறுவதில்லை. பருமனே மிகுதியும் மாறும். நெருங்கிய தோப்பில் மொத்த மரத்தடி மிகுதியாகக் கிடைக்கலாம். ஆனால் ஒவ்வொரு மரமும் மெலிந்திருக்கும்.

தேக்கை முதலில் நெருக்கி நட்டு, வளர வளர இடையிடையே வெட்டி நீக்குவர். மாவை நெருக்கி நடுவோர் ஆண்டுதோறும் கவாத்துச் செய்வர். தென்னைக்கோ கிளையில்லை, கவாத்தும் இல்லை.

கன்று நடும் நாளில் நிலம் வெறுமையாகவே தோன்றும். அவ்வெறுமை கண்டு ஆசையால் நெருக்கி நட்டவன், பத்தாண்டு கழித்தே தன் பிழையை அறிவான். அன்று காய்க்கும் மரத்தை வெட்ட மனம் வாராது. விட்டுவைத்தாலோ விளைவு குன்றும். ஆதலின் கன்றை நடுபவன் கண்ணுக்கு, வளர்ந்த மரம் அன்றே தெரிதல் வேண்டும்.