கீபோர்டு பாடவில்லையா?

மூணாறு எஸ்டேட் லயங்களில் பஜனைக் குழு உண்டு. சர்ச்சில் பாட்டுக் குழு உண்டு. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் திருவிழா வந்தால் கச்சேரி உண்டு. முன்பு ஆர்மோனியம் வாசித்தார்கள். இப்போது பல இடங்களில் கீபோர்டு வந்துவிட்டது. சிலர் அதைக் கேசியோ என்பார்கள். கேசியோ என்பது ஒரு ஜப்பான் கம்பெனி. அது 1980இல் தன் முதல் கீபோர்டை விற்றது. யமஹா கம்பெனிப் பெட்டியையும் கேசியோ என்றே சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்!

பத்துப் பேர் காசு போட்டு வாங்கிய பெட்டி. திருவிழா அன்று அது பாடாவிட்டால் என்ன செய்வது? தேனிக்கோ எறணாகுளத்துக்கோ தூக்கிப் போக வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும். அங்கே போனபின், "பெட்டி நன்றாக இருக்கிறது, அடாப்டர்தான் போச்சு" என்பார் கடைக்காரர். ஆகவே வீட்டிலேயே சிலவற்றைப் பார்த்துவிடலாம்.

விளக்கே எரியவில்லையா? அடாப்டரைப் பாருங்கள். வீட்டுக் கரண்டு 230 வோல்ட். சிறிய கீபோர்டுகளுக்கு 9 அல்லது 12 வோல்ட் போதும். அப்படிக் குறைத்துக் கொடுப்பதுதான் அடாப்டரின் வேலை. அதன் வயரைக் கீபோர்டிலிருந்து உருவுங்கள். புதிய பாட்டரிகளைப் போடுங்கள். இப்போது விளக்கு எரிந்தால் பெட்டியில் பெரிய கோளாறு இல்லை. அடாப்டரிலோ, வயர் செருகும் இடத்திலோதான் கோளாறு. பாட்டரியை உள்ளேயே விட்டுவிடாதீர்கள். அது கசிந்து கம்பிச்சுருளை அரித்துவிடும்.

கையில் கிடைத்த அடாப்டரை மாட்டுவது ஆபத்து. முனை பொருந்தினால் மட்டும் போதாது. கீபோர்டின் பின்புறம் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கும். அருகில் கூட்டல், கழித்தல் குறிகளும் இருக்கும். பழைய கேசியோ பெட்டிகள் பலவற்றில் நடுமுனை கழித்தல். யமஹாவில் பெரும்பாலும் நடுமுனை கூட்டல். மாற்றிக் கொடுத்தால் பெட்டி உள்ளே கருகிவிடலாம். அந்தச் சின்ன எழுத்தைப் படித்துவிட்டு மாட்டுங்கள்.

விளக்கு எரிகிறது, சத்தம் இல்லை. ஹெட்போன் வயர் செருகியிருக்கிறதா? செருகினால் பெட்டியின் ஸ்பீக்கர் பேசாது. சத்தம் வருகிறது, பாடகரோடு சுருதி சேரவில்லை. இது கோளாறே இல்லை. யாரோ 'டிரான்ஸ்போஸ்' பட்டனை அமுக்கியிருப்பார்கள். அதைச் சுழிக்குக் கொண்டு வந்தால் சரியாகிவிடும்.

ஒரு கட்டை மட்டும் ஒலிக்கவில்லையா? அல்லது திடீரென்று கத்துகிறதா? கட்டைகளுக்கு அடியில் ரப்பர் பட்டை இருக்கிறது. அதில் கறுப்புப் புள்ளிகள் உண்டு. கட்டையை அமுக்கினால் புள்ளி கீழே உள்ள பலகையைத் தொடும். உடனே சத்தம் வரும். இடையில் தூசி புகுந்தால் தொடாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தூசியை அள்ளி வரும். மூணாற்றில் தூசி குறைவு. ஆனால் ஜூன் முதல் மழையும் மூடுபனியும்தான். ஈரம் உள்ளே தங்கிவிடும். இரண்டு ஊருக்கும் ஒரே மருந்து: வாசித்து முடித்ததும் துணியால் மூடுங்கள். மண் தரையில் வைக்க வேண்டாம். நனைந்த பெட்டியை உடனே போடாதீர்கள். நன்றாகக் காயட்டும்.

கட்டை இறுகிவிட்டது என்று தேங்காய் எண்ணெய் விடுவார்கள் சிலர். கூடவே கூடாது. எண்ணெய் தூசியைப் பிடித்துக்கொள்ளும். ரப்பரைத் துடைப்பது பழகியவர் செய்யும் வேலை.

துலா மாதம் மாலையில் மலையில் இடி இடிக்கும். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்கக் கூடாது. மேகம் கறுக்கும்போதே பிளக்கை உருவிவிடுங்கள். இடி தொடங்கிவிட்டால் பிளக்கைத் தொடாதீர்கள்.

இத்தனை பார்த்தும் பாடவில்லை என்றால் கடைக்குப் போகத்தான் வேண்டும். அப்போது அடாப்டரையும் எடுத்துச் செல்லுங்கள். எந்தக் கட்டை, எப்போதிலிருந்து ஒலிக்கவில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.