முதலில் தண்ணீரைப் பாருங்கள்

டிசம்பர் கடைசி வாரம். ஹைதராபாத்தில் விடியற்காலைக் குளிர் எலும்பைத் தொடும் நாட்கள். மீன் தொட்டி விளக்கைப் போட்டதும் பார்த்தேன், ஒரு நியான் டெட்ராவின் வாலில் ரவை ஒட்டினாற்போல மூன்று வெள்ளைப் புள்ளிகள். இன்னொன்று கூழாங்கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது. நான்கு நாளைக்கு முன்புதான் ஆறு டெட்ராக்களைப் புதிதாக வாங்கி, நேராகத் தொட்டியில் விட்டிருந்தேன். ஹீட்டர் பழுதாகிக் கிடந்ததையும் கவனிக்கவில்லை. இரண்டும் என் தவறுதான்.

வெள்ளைப்புள்ளி நோயை உண்டாக்குவது இக்தியோஃப்திரியஸ் என்னும் ஒரு செல் உயிரி. அது மீனின் தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்று கொழுக்கும். பிறகு உதிர்ந்து அடிமணலில் கூடு கட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். அந்தக் குஞ்சுகளுக்கு இரண்டு நாளுக்குள் ஒரு மீன் கிடைத்தாக வேண்டும், இல்லையென்றால் செத்துவிடும். மருந்து வேலை செய்வது அவை தண்ணீரில் நீந்தும் அந்தக் குறுகிய நேரத்தில் மட்டுமே. தோலுக்கு அடியில் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் அது தொடாது. அதனால்தான் ‘புள்ளி போய்விட்டது’ என்று மூன்றாம் நாள் மருந்தை நிறுத்துகிறவர்களுக்கு அடுத்த வாரம் இரண்டு மடங்காகத் திரும்பி வருகிறது. வெப்பத்தை மெல்ல மெல்ல 30 டிகிரிவரை ஏற்றினால் இந்தச் சுற்று வேகமாக முடியும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் ஏர் பம்ப் இரவும் பகலும் ஓட வேண்டும். புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரமாவது வைத்தியம் தொடர வேண்டும்.

பல இனங்கள் சேர்ந்து வாழும் தொட்டியில் இங்கேதான் சிக்கல். மாலி மீனுக்கு உப்பு ஒத்துக்கொள்ளும், கடினமான தண்ணீரும் பிடிக்கும். டெட்ரா அமேசான் பக்கத்து மென்னீரில் பிறந்த இனம். அடியில் மேயும் கோரிடோராஸுக்குச் செதில் இல்லை, எலும்புத் தகடுகள்தான். உப்பு கூடினால் தாங்காது. மாலகைட் கிரீன் கலந்த மருந்தை டெட்ராவுக்கும் கோரிடோராஸுக்கும் பாதி அளவில் தொடங்குவதே பாதுகாப்பு. செம்பு கலந்த மருந்து இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். துடுப்பு அழுகிய ஒரு மீனுக்கு இப்படி எல்லாரையும் மருந்தில் குளிப்பாட்டத் தேவையில்லை, அதை மட்டும் பிரித்து வைத்தால் போதும். வெள்ளைப்புள்ளி அப்படியல்ல. நோய் தொட்டி முழுக்கப் பரவியிருக்கும், எல்லாருக்கும் பொறுக்கும் அளவில்தான் மருந்து போட வேண்டும். மருந்து ஊற்றுவதற்கு முன் ஃபில்டரில் உள்ள கரியை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் அது மருந்தையெல்லாம் உறிஞ்சிவிடும்.

ஆனால் மருந்துப் புட்டியைத் தேடுவதற்கு முன் தண்ணீரைப் பார்த்தாக வேண்டும். நோய் என்று நாம் ஓடுவதில் பாதி, தண்ணீரின் கோளாறுதான் என்பது என் அனுபவம். எங்கள் குடியிருப்பின் சம்ப்பில் ஒருநாள் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர், மறுநாள் போர்வெல், கோடையில் டேங்கர். ஒரே குழாயைத் திறந்தாலும் வாரத்துக்கு ஒரு தண்ணீர். ஆற்றுத் தண்ணீரில் குளோரின் இருக்கும். போர்வெல் தண்ணீர் கடினமானது, காரத்தன்மை கூடியது. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவுக்குக் காரத்தன்மை பெரிய துணை. பிஎச் 7-ல் இருப்பதைவிட 8-ல் அதே அமோனியாவின் நச்சுப்பங்கு ஏறக்குறைய பத்து மடங்கு. செவுள் சிவந்து, மீன் மேல்பரப்பில் வாய் பிளந்து நின்றால் முதலில் டெஸ்ட் கிட்டை எடுங்கள். கௌராமி மேலே வந்து காற்றைக் குடிப்பது அதன் பிறவிக் குணம். டெட்ரா அப்படிச் செய்தால் அபாயம்.

அந்த அமோனியாவைத் தின்று நம் மீன்களைக் காப்பவை ஃபில்டர் பஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள். பஞ்சைக் குழாயடியில் பிழிந்து ‘சுத்தம்’ செய்கிறோம், குளோரின் அவற்றைக் கொன்றுவிடுகிறது. மறுநாள் மீன்கள் சாகத் தொடங்கும், பழி கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு நோயின் மேல் விழும். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலச வேண்டும். என்ன நோய் என்று தெரியாமலே கடையில் தரும் ஆன்டிபயாடிக் பொடியைப் போடுவதும் இந்த நல்ல பாக்டீரியாக்களையும் வீழ்த்தக்கூடும்.

ஹைதராபாத் கடைகளில் விற்கும் மீன்களில் பல சென்னை கொளத்தூரிலிருந்து ஆக்சிஜன் நிரப்பிய பைகளில், தெர்மகோல் பெட்டிகளில் வருகின்றன. இரவெல்லாம் இருட்டில் குலுங்கி வந்த உயிர், எதிர்ப்பு சக்தி குன்றிப்போன நிலையில்தான் நம் வீட்டுக்குள் நுழைகிறது. அதை நேராகப் பெரிய தொட்டியில் விடாமல் முதலில் தனியே வைக்க வேண்டும். அதற்கு 20 லிட்டர் தனித்தொட்டி ஒன்று போதும். ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு ஹீட்டர், ஒளிந்துகொள்ள உடைந்த மண்சட்டி. மணல் வேண்டாம், மிச்சத் தீனியும் கழிவும் அதில் மறைந்துவிடும். மூன்று வாரம் அங்கே தங்கினால், மறைந்திருக்கும் நோய் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். வலையும் வாளியும் கூட அதற்கென்று தனியாக வேண்டும். கையில் காயமிருந்தால் தொட்டிக்குள் கையை விடாதீர்கள். மீனுக்குக் காசநோய் தரும் மைக்கோபாக்டீரியம் மனிதத் தோலிலும் ஆறாத புண்ணை உண்டாக்கும்.

தேறாத மீனை, அல்லது வளர்க்க முடியாமல் போன மீனை, சிலர் ஏரியில் விட்டுவிடுகிறார்கள். பாவம் பார்த்துத்தான் செய்கிறார்கள், தெரியும். ஆனால் நோயும் கூடவே ஏரிக்குள் இறங்குகிறது. தொட்டிச் சுவரில் பாசி தின்னட்டும் என்று வாங்கும் சக்கர் மீனின் கதை இன்னும் மோசம். ஆந்திர, தெலங்கானா நீர்நிலைகளில் அது பெருகி, முள் துடுப்புகளால் மீனவர்களின் வலைகளைக் கிழிக்கிறது. அது எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்பதைத் தண்ணீரில் கரைந்திருக்கும் டிஎன்ஏவை வைத்துத் தேடிக் கண்டறிந்தவர்கள் இதே ஊரின் சிசிஎம்பி என்னும் உயிரியல் ஆய்வு மையத்தின் ஆய்வாளர்கள். வளர்க்க முடியாததைக் கடைக்கோ இன்னொரு வளர்ப்பாளருக்கோ கொடுக்கலாம். செத்ததை மண்ணில் புதைத்துவிடலாம்.

என்னுடைய பதினொரு டெட்ராக்களில் ஐந்து பிழைத்தன. கோரிடோராஸ் மூன்றும் தப்பின. போன மாதம் மறுபடியும் ஆறு டெட்ரா வாங்கினேன். சமையலறை மேடையில் அந்தச் சிறு தொட்டியில் இருக்கின்றன. இன்று பதினேழாம் நாள். தீனி போட்டதும் ஆறும் ஓடி வருகின்றன. பெரிய தொட்டிக்குப் போக இன்னும் நான்கு நாள் இருக்கிறது.